மிதக்க விட்டு அளந்த மருந்து

சுகந்தி, போன மாதம் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது உன் கைப்பையைத் தற்செயலாகத்தான் திறந்தேன். சீப்புத் தேடினேன். பழைய பாவாடைத் துணியில் நாலு சுற்று சுற்றி, மேலே ரப்பர் வளையமும் போட்டு, இழுப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் மண்ணிறப் பம்பை ஒளித்து வைத்திருந்தாய். கேட்டதற்கு நீ சொன்ன பதில் இது:

"கார்மெண்ட்ல யாரும் பாத்தா இழுப்புக்காரின்னு லைன்ல இருந்து எடுத்துருவாங்கப்பா. நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

அன்றைக்கு நான் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் தம்பியும் படிக்கட்டும். ரப்பர் பெக்டரியில் பால் வாங்கும் மேடையில் பதினாறு வருடம் நின்றவன் நான். அந்தப் பதினாறில் பதினான்கு வருடம் பம்போடுதான் நின்றேன். எப்படி நின்றேன் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் முழுதாகத் தெரியாது. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள்.

வேலை பழகிய கதையை நீட்ட மாட்டேன். ரோலரில் ரப்பர் சீட் தள்ளினேன், அதை உலர்த்தும் புகைக்கூட்டில் விறகு போட்டேன், பிறகு மேடைக்கு ஏற்றினார்கள். மேடை வேலையை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதில்தான் என் பெருமையும் இருந்தது, பிழையும் இருந்தது.

பால் வெட்டுகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகு வாளிகளோடு வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு கோப்பை பால் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு கோப்பை தண்ணீர் கலந்து உயரமான பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். மேலே வரும் நுரையை அட்டைத் துண்டால் வழிக்க வேண்டும். பிறகு மெட்ரோலாக்கை, அதாவது கழுத்தில் எண் போட்ட மிதவையை, மெதுவாக உள்ளே விட வேண்டும். அது இரண்டு தரம் மேலும் கீழும் ஆடி நிற்கும். பால் மட்டம் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் பாலின் கெட்டி. மழைத் தண்ணீர் சேர்ந்திருந்தால் மிதவை மேலே எழும்பி நிற்கும். ஓடைத் தண்ணீரை வேண்டுமென்று சேர்த்திருந்தாலும் எழும்பும். ஆள் யார், முகம் எப்படி என்று மிதவைக்குத் தெரியாது. எனக்கும் தெரியக் கூடாது என்று வைத்திருந்தேன். குறைந்திருந்தால் குறைந்தது என்பேன். நல்ல பாலைக் குறைத்து எழுதச் சொல்லி யார் சாடை காட்டினாலும் எழுத மாட்டேன்.

மேலே கரும்பலகை. பெயருக்கு எதிரே எண்ணை வெண்கட்டியால் எழுதுவது என் வேலை.

பெக்டரியை நடத்திய அதிகாரி, எங்கள் பெக்டரி ஐயா, கேகாலைப் பக்கத்துச் சிங்களவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான். யாரோடு பேசினாலும் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார், தொட்டியில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். பேச்சு முடிந்ததென்றால் "ஹரி", சிங்களத்தில் சரி, என்று ஒரு சொல். அதற்குப் பிறகு வாயைத் திறக்கிறவன் பெக்டரியில் இல்லை. உங்கள் அப்பாவான நான் ஒரே ஒரு தரம் திறந்தேன். அதற்கு வருகிறேன்.

மேடைக்கு வந்து இரண்டாம் வருடம் எனக்கு இழுப்பு வந்தது. பாலை உறைய வைக்கும் அசிட்டைக் கலக்கும்போது நெஞ்சில் யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. மழை மாதங்களில் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பேன். தோட்டத்து டிஸ்பென்சரி வெள்ளை மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் இரண்டு பம்பு எழுதினார், ஒன்று நீலம், ஒன்று மண்ணிறம்.

அதை எப்படிப் பிடிப்பதென்று காட்டித் தந்தவர் ஒரு சிங்கள மிஸ்ஸி, அதாவது நர்ஸ். என்னை விட மூத்தவர், தம்பி என்பதற்கு 'மல்லி' என்று கூப்பிடுவார், தமிழை உடைத்து உடைத்துப் பேசினாலும் விளங்கும்.

"நீலம், மூச்சுமுட்டு வந்தா. மண்ணிறம், முட்டு வராம இருக்க. தினமும் காலைல ரெண்டு, ராவுக்கு ரெண்டு. சுகமா இருந்தாலும் ரெண்டு ரெண்டு. தெரியுதா?"

"தெரியுதுங்க மிஸ்ஸி" என்றேன். ஒன்றும் தெரியவில்லை.

நீலத்தை இழுத்தால் பத்து நிமிடத்தில் நெஞ்சு திறக்கும். மண்ணிறத்தை இழுத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு நாள் பார்த்தேன், மூன்றாம் நாள் அதைத் தூக்கி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். லயத்து வீடுகளில் இருந்தவர்களும் அதை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பம்பு பிடித்தால் சாகும் வரைக்கும் பம்புதானாம், நெஞ்சு சோம்பேறி ஆகிவிடுமாம். பால் வெட்டும் பாக்கியம் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. வாளியை இறக்கி வைத்துக்கொண்டே சொல்வார்:

"ஏன் அண்ணே, எங்க பால்ல தண்ணி கண்டுபுடிக்கிறீங்களே, ஒங்க நெஞ்சுல எவ்ளோ தண்ணின்னு அந்தக் குச்சிய விட்டுப் பாருங்களேன்!"

வரிசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், சிரித்தால் இருமல் வரும்.

அடுத்த மாதம் கிளினிக்கில் மிஸ்ஸி மண்ணிறப் பம்பைக் கையில் வாங்கிக் குலுக்கினார். புதிது போலக் கனத்தது. முகம் மாறிவிட்டது.

"எங்க வீட்டுலயும் ரப்பர் இருக்கு மல்லி, அரை ஏக்கர். மழைக் கவர் எப்ப ஒட்டுறது?"

மழைக் கவர் என்றால் உங்களுக்குத் தெரியும். வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றித் தார் பூசி ஒட்டும் பொலித்தீன் பாவாடை.

"மழைக்கு முந்திங்க" என்றேன்.

"மழை பெஞ்சு, செரட்டைல இருந்த பால் எல்லாம் கழுவிக்கிட்டுப் போன பொறகு ஒட்டினா?"

 பால் மேடைக்காரனுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பிறகு தன் முன்னாலேயே செய்யச் சொன்னார். மூடியைக் கழற்று. நன்றாகக் குலுக்கு. நிமிர்ந்து இருந்து மூச்சை முழுக்க வெளியே விடு. வாய்க்குள் வைத்து உதட்டை இறுக்கு, பல்லும் நாக்கும் குறுக்கே வரக் கூடாது. மெதுவாக இழுக்கத் தொடங்கு, அந்த இழுப்போடேயே ஒரு தரம் அமுக்கு. பத்து எண்ணும் வரைக்கும் மூச்சை அடக்கு. அரை நிமிடம் விட்டு இரண்டாவது. நான் அவசரப்பட்டு முதலில் அமுக்கிவிட்டுப் பிறகு இழுத்தேன். "மருந்து நாக்குக்கு, நெஞ்சுக்கு ஒண்ணும் போகல" என்றார். ஐந்து தரம் மாற்றி மாற்றிச் செய்ய வைத்துவிட்டுத்தான் என்னை எழும்ப விட்டார்.

கடைசியில், வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை. மூன்று வாரத்தில் நாக்கிலும் கன்னத்து உள்பக்கமும் வெள்ளை படர்ந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போய் வெந்துவிட்டதென்று நினைத்து உங்கள் அம்மாவோடு சண்டை பிடித்தேன். "சுண்ணாம்பு பூசினது நீங்க, பேச்சு வாங்குறது நானா?" என்று அவள் கேட்டது சரி. அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அதற்கும் மருந்து வாங்கித் தந்தார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும்போது பம்பைப் பல்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பம்பு முதலில், பல் விளக்குவது பிறகு. கொப்பளிக்க மறக்கவே முடியாது.

இரண்டு மாதத்தில் படுத்து உறங்கினேன். அந்த மாரியில் ஒரு நாள் கூடச் சுவரில் சாயவில்லை. நீலப் பம்பு சும்மா கிடந்தது.

ஆனால் நானும் உன்னைப் போலத்தான் சுகந்தி. பெக்டரியில் யாருக்கும் காட்டவில்லை. இரண்டு பம்பையும் வெற்றிலைப் பைக்குள் போட்டு மடியில் செருகிக்கொண்டுதான் போவேன். ஒரு நாள் அவசரத்தில் பையை மேடை விளிம்பில் வைத்துவிட்டு அசிட் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது பை சாய்ந்து, வெற்றிலைக்கு மேலே மண்ணிறப் பம்பு கிடந்தது. பெக்டரி ஐயா அதற்குப் பக்கத்தில் நின்று பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோட?"

"என்னோடதுங்க ஐயா."

"லெட ஆளுக்கு அசிட் வேலை எப்படி குடுக்கிறது? விழுந்தா நான் பதில் சொல்லணும். நாளைக்கு புல்லு வெட்டுக்குப் போ."

லெட என்றால் நோயாளி. நாற்பது வாளி வரிசைக்கு முன்னால் எனக்கு அந்தப் பெயர் வைத்தார்.

"இந்த மருந்து புடிக்காம இருந்தப்பதாங்க நான் லெட. இப்ப ஒரு வருத்தமும் இல்லீங்க. வேணும்னா பாருங்க."

"ஹரி, பாக்கிறேன். மூணு மாசம். ஒரு நாள் கூட லீவு போட்டு நிக்காம வா. நின்னா புல்லு வெட்டு."

நான் ஒத்துக்கொண்டேன். வீம்புக்கு ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கிளினிக் ஞாபகம் வந்தது. மாதத்துக்கு ஒரு நாள், அதுவும் வேலை நாள். கரவனெல்லவுக்குப் போனால் அந்த நாள் முழுக்கப் போய்விடும். ஆளைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார்கள். நின்றால் மேடை இல்லை.

கையில் அப்போதுதான் வாங்கிய புதுப் பம்பு இருந்தது. இது எத்தனை நாளைக்கு வரும்? இங்கேதான் பிள்ளைகளே, பால் மேடைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய பிழையை நான் செய்தேன். வாளியில் தண்ணீர் பிடித்தேன். பம்புக்குள் இருக்கும் தகர டப்பியைக் கழற்றி மெதுவாகத் தண்ணீரில் விட்டேன். அடிக்குப் போனது. நிறைவு என்று மனதில் எழுதிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து விட்டேன், செங்குத்தாக நின்றது. பாதி. இரண்டு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்து மிதந்தது. கால்வாசி இருக்கிறது என்றேன். அமுக்கினால் புஸ் என்ற சத்தமும் வந்தது. நுரையைக் கூட வழித்துவிட்டுப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? தண்ணீரில் என்ன நுரை! கை பழகிப்போனது.

உங்கள் அம்மா, "அதுல எத்தனை தடவைன்னு எழுதியிருக்காதா?" என்று கேட்டாள். "பதினாலு கிலோ வாளியில தண்ணி எவ்ளோன்னு சொல்றவனுக்கு இந்தத் தம்மாத்துண்டு டப்பி தெரியாதா?" என்றேன்.

மூன்றாம் மாதத்தில் விடியற்காலை இருமல் வந்தது. நீலப் பம்பை வாரத்துக்கு ஒரு தரம் எடுத்தேன், பிறகு தினமும், பிறகு ஒரு நாளைக்கு மூன்று தரம். நீலத்துக்கு வேலை கூடினால் மண்ணிறம் தோற்றுவிட்டது என்று பொருள், உடனே வா என்று மிஸ்ஸி முதல் நாளே சொல்லியிருந்தார். நான் போகவில்லை. இன்னும் ஒன்பது நாள்தான். ஒன்பது நாளைப் பல்லைக் கடித்துக் கடத்திவிடலாம் என்று நினைத்தேன்.

அசிட் கலக்கும்போதுதான் இழுப்பு வந்தது. சுற்றி எல்லாம் தூரமாகப் போனது. மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பேச்சு வரவில்லை, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. பாக்கியம் அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மடியிலிருந்து பம்பை எடுத்து வாயில் வைத்தார். மண்ணிறம். தலையை ஆட்டித் தள்ளினேன். அது மழை வந்த பிறகு ஒட்டுகிற கவர்.

"நீ... நீலம்."

"நீலமாம்! நீலத்த எடுங்கடி!"

யாரோ என்னைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே இருந்தேன். நீலம் கொஞ்சம் திறந்தது, உடனே மூடியது. பெக்டரி ஐயா அன்றைக்குப் பாலைப் பார்க்கவில்லை. "லொறிய எடு!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். தானே முன்னால் ஏறி உட்கார்ந்து கரவனெல்ல வரைக்கும் வந்தார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தேன். மூச்சு சீரான பிறகு மிஸ்ஸி வந்தார்.

"எப்ப வாங்கின பம்பு மல்லி?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "முப்பது நாளுக்கு மேல வெறும் டப்பி இழுத்திருக்க."

"இல்லீங்க மிஸ்ஸி, கால்வாசி இருந்துச்சு. தண்ணியில விட்டு அளந்தேன்." கையால் மிதவையைக் காட்டினேன்.

 மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மே ரபர் கிரித?" இது என்ன ரப்பர் பாலா என்று கேட்டார். சிரிப்பு அடங்கியதும் டப்பியில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினார். இருநூறு. ஒரு நாளைக்கு நாலு என்றால் ஐம்பது நாள், அவ்வளவுதான். மருந்து முடிந்த பிறகும் தள்ளிவிடுகிற காற்று டப்பிக்குள் மிச்சம் இருக்கும். அதனால் மிதப்பதும் பொய், புஸ் சத்தமும் பொய். தண்ணீரில் விட்டால் டப்பியின் வாய் அடைத்தும் போகும். எண்ண வேண்டும், வேறு வழி இல்லை.

என் வாழ்க்கையில் ஒரு மிதவை என்னை ஏமாற்றியது அதுதான். மிதவை மேல் பிழை இல்லை. அதை வைத்து அளக்கக் கூடாததை அளந்தது நான்.

நாலாம் நாள் காலையில், பெக்டரி முன்னால் வேலைக்காரர் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனேன். பெயர் கூப்பிட்டு முடிந்தது. பெக்டரி ஐயா பழையபடி, முதல் நாள் பால் உறைந்திருந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "புல்லு வெட்டு. ஹரி" என்றார்.

ஹரிக்குப் பிறகு நான் வாயைத் திறந்தேன்.

"ஹரி இல்லீங்க ஐயா. மருந்து புடிச்சதுனால நான் விழல. மருந்து இல்லாததுனால விழுந்தேன். கிளினிக்குக்குப் போனா வேலை போயிரும்னு பயந்தேன் பாருங்க, அதான் என் தப்பு. இனிமே மாசத்துக்கு ஒரு நாள் போவேன். இப்பவே எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன். பம்பும் மடியில இருக்காது. இங்கன, மெட்ரோலாக்குப் பக்கத்துல இருக்கும். யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

 பின்னாலிருந்து பாக்கியம் அக்காவின் குரல்.

"மூணு நாளா வேற ஆளு அளந்தாருங்க ஐயா. மொத நாளு எம் பால்ல தண்ணின்னாரு, மறுநாளு அதே மரத்துப் பால கெட்டின்னாரு. இந்த அண்ணே எங்கள மாட்டி வச்சிருக்காரு, நெசந்தான். ஆனா பொய்யா மாட்டி வச்சதில்ல. இவரு இல்லாட்டி நான் வாளிய தொறக்க மாட்டேன்."

அவர் வாளி மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இன்னொரு பெண், பிறகு இன்னொருவர். கூட்டம், கொடி ஒன்றும் இல்லை. வெறும் வாளி மேல் கை.

பெக்டரி ஐயா தொட்டியைப் பார்த்தபடியே, "அசிட் கலக்க வேற ஆள் போடுறேன். நீ அளக்கிற வேலை மட்டும்" என்றார். அதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நியாயம்.

அன்றிலிருந்து காலை மருந்தைப் பெக்டரிக் குழாயடியில், எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் எடுத்தேன். கொப்பளித்துத் துப்பினேன். கரும்பலகையின் கீழ் மூலையில் வெண்கட்டியால் கோடு இழுத்தேன். காலைக்கு இரண்டு, முந்தின இரவுக்கு இரண்டு. முதல் நாள் பெக்டரி ஐயா அதை டஸ்டரால் அழித்துவிட்டுப் போனார். "பலகை பாலுக்கு" என்றார். நான் கணக்கு மறக்காமல் மறுநாள் எட்டுக் கோடு போட்டேன். அழித்தார். மறுநாள் பன்னிரண்டு. அதற்குப் பிறகு அழிக்கவில்லை. நூற்றிருபது வந்ததும் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவேன். டப்பி முடிகிற வரைக்கும் காத்திருந்ததே இல்லை.

இரண்டு மாரி கழிந்திருக்கும். பாக்கியம் அக்கா ஒரு நாள் வரிசை கலைந்த பிறகு திரும்பி வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். மண்ணிறம்.

"எத்தனை நாளாக்கா?"

"ஒங்கள கேலி பண்ண காலத்துல இருந்தே இழுப்புதான். பம்பு போன மாசந்தான். அந்த மூலையில எனக்கும் ரெண்டு கோடு இழுங்க. எனக்கு எண்ண வராது."

"எண்ண வராதா? பால் வாளி எத்தனைன்னு என்னோட சண்டைக்கு வருவீங்களே?"

"அது வேற கணக்கு. போடுங்க சும்மா."

பெக்டரி ஐயா மாற்றலாகிப் போவதற்குக் கொஞ்ச நாள் முந்தி ஒரு காலை. ஏதோ அவசரத்தில் நேரே மெட்ரோலாக்கைக் கழுவத் தொடங்கிவிட்டேன். அவர் வந்து நின்றார். தொட்டியைப் பார்க்கவில்லை, பலகையின் மூலையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு கோடு எங்க?"

பம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

நான் மேடையை விட்டு இறங்கியபோது அந்த மூலையில் நாலு பேருடைய கோடுகள் இருந்தன. ஒருவரையும் யாரும் மேடையிலிருந்தோ மரத்திலிருந்தோ எடுக்கவில்லை. எடுத்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியும்.

சுகந்தி, உன் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஒரு வேளை நீ சொல்வது போலவே நடக்கலாம், நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் துணிக்குள் சுற்றி வைத்த பம்பை அவசரத்துக்கு எடுக்க முடியாது, ஒளித்து வைக்கிறவர்கள் ஒரு நாள் இழுக்காமலும் விடுவார்கள். அந்த நாள்தான் ஆளைத் தள்ளும். தள்ளின பிறகு லைனில் இருந்து எடுப்பதற்கு சூப்பர்வைசர் தேவையில்லை.

துணியை அவிழ்த்துவிடு. பாவாடைத் துணி நல்ல துணி, அம்மா கேட்கிறாள். இந்தக் கடிதத்தோடு ஒரு துண்டு வெண்கட்டி வைத்திருக்கிறேன். உன் மெசினின் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், நாளைக் காலை இரண்டு கோடு இழு.